வடமும் கண்ணியும்: கரையில் கேட்டவை, பட்டறையில் கேட்டவை

கொல்லங்கோட்டிலிருந்து:

அப்பாவுக்கு நகைப் பட்டறை. எங்களிடம் வடம் என்றால் சங்கிலியின் ஒரு சரம். "ஒத்த வடமா, ரெட்ட வடமா?" என்று கேட்ட பிறகுதான் தராசை எடுப்பார். அதே அஞ்சு பவுனை ரெண்டாகப் பகிர்ந்தால் கழுத்து நிறையத் தெரியும், ஆனால் வடம் ஒவ்வொன்றும் மெலியும். இதைச் சொல்லாமல் யாரிடமும் தங்கம் வாங்க மாட்டார்.

நீரோடிப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அங்கிருந்து வந்த ஒரு அக்கா, மகள் கல்யாணத்துக்குச் செய்த ரெட்ட வடத்தைக் கழுத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு கையிலும் பிடித்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஒரு வளையத்தில் விரல் நின்றது. "ஆசாரியே, இந்தக் கண்ணி நிக்காது, பாத்துக்கிடுங்க." அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்தார். பற்றவைத்த இடத்தில் மயிரிழை விரிசல்! வலை பின்னிப் பழகிய கை அது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

கடலில் இந்தச் சொற்களை எப்படிப் புழங்குகிறீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பூவாறிலிருந்து:

கரையில் நின்று இழுக்கிற கம்பாவலைக்கு, அதை இழுக்கும் கயிறான வடந்தான் உயிர், தங்கச்சி. வள்ளம் இறங்கும்போது ஒரு வடத்தின் முனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், அடுத்த வடத்தின் முனையைக் கொஞ்சம் தள்ளிக் கரையேற்றுவோம். பிறகு ரெண்டு கூட்டமும் வலித்துக்கொண்டே ஒன்றையொன்று நெருங்கி வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிவிடும், மீன் ஒதுங்கிப் போய்விடும். கண்ணி என்றால் எங்களுக்கு வலையின் துளை; ஓரங்களில் பெரிசாக இருக்கும், மீன் வந்து சேரும் பையான மடியை நெருங்க நெருங்கச் சிறுக்கும். மடிக்கண்ணியில் நெத்திலிகூடத் தப்பாது.

என் சின்ன வயசில் வடமெல்லாம் தேங்காய் நார். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் காயல் தண்ணியில் ஊறப்போட்டு, அடித்து நாரெடுத்துத் திரிப்பார்கள். ஒவ்வொரு பிரியையும், அதாவது இழையையும், ஒரு பக்கமாக முறுக்கி, பிரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது இறுக்கிப் பிடிக்கும். "உப்புத்தண்ணி நார ஒண்ணும் செய்யாது மக்கா, பாறைதான் தின்னும்" என்பார் பாட்டா. வலை கரையேறியதும் அவர் முதலில் மீனைப் பார்க்க மாட்டார். வடத்தை உள்ளங்கையில் ஓடவிட்டுத் தேய்ந்த பிரியைத் தேடுவார். நீங்கள் சொன்ன அக்காவை எனக்கு நேரில் பார்த்ததுபோலவே இருக்கிறது.

இப்போது வடம் பிளாஸ்டிக். கையை அறுக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

பாறசாலையிலிருந்து:

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். கண்ணிக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு: தலையில் சூடும் பூச்சரம். மார்பில் அணிவது தார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவனுக்குக் கண்ணியும் கொன்றை, தாரும் கொன்றை. வகுப்பில் இதைச் சொன்னபோது கடலோரத்துப் பையன் ஒருவன், "டீச்சர், கண்ணின்னா வலையில்லா?" என்றான். இரண்டும் சரிதான் என்று பலகையில் இரண்டையும் வரைந்து காட்டினேன். வடம் என்றாலோ பிள்ளைகளுக்கு ஓணத்துக் கயிறிழுப்பான வடம்வலியும் சுசீந்திரம் தேரும்தான்.

கொல்லங்கோட்டிலிருந்து:

பூவாறு அண்ணே, எதிர்முறுக்கு விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். முறுக்குச் சங்கிலிக்குத் தங்கக் கம்பியை அச்சுத் துளையில் இழுத்து இழுத்து மெலிதாக்குவார்; இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். நெருப்பில் காட்டி இளக்கிய பிறகுதான் முறுக்கலாம், இல்லையென்றால் ஒடிந்துவிடும். நாரை ஊறப்போடுவதும் அதற்குத்தானா என்று கேட்கச் சொன்னார்.

பூவாறிலிருந்து:

அதற்குந்தான். ஊறாத நார் முரடு. மெத்தைக்கும் பிரஷுக்கும் ஆகும், முறுக்க வசப்படாது. அப்பாவிடம் சொல்லுங்கள், பழைய நார்வடத்தில் ஒரு துண்டு வீட்டில் கிடக்கிறது. அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன், பிரித்துப் பார்க்கட்டும்.