20 கிலோ குறைந்தாயிற்று, சி-பாப்பைக் கழற்றி வைத்துவிடலாமா?

புதுமூச்சு:
மூன்று வருடத்துக்கு முன் எனக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அப்போது எடை 108 கிலோ. டெஸ்டில் ஏ.எச்.ஐ. 41 வந்தது, அதாவது மணிக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருக்கிறது. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் சி-பாப் மெஷினை 13 பிரஷரில் கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே பகல் தூக்கம் ஓடிவிட்டது. அந்த நன்றி இன்னும் மனதில் இருக்கிறது.

14 மாதத்தில் 20 கிலோ குறைத்து இப்போது 88-க்கு வந்திருக்கிறேன். ஆனால் ராத்திரிகள் முன்பைவிடத் தொந்தரவாகிவிட்டன. கன்னம் வற்றியதில் மாஸ்க் ஓரமாகக் காற்று பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது. காலையில் வயிறு உப்பி, ஏப்பம் ஏப்பமாக வருகிறது. மெஷின் காட்டும் ஏ.எச்.ஐ. மட்டும் 0.9. 5-க்குக் கீழே இருந்தால் நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் எனக்குக் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

விடியல்66:
கழற்றி வையுங்கள் என்பதுதான் என் பதில். நான் 22 கிலோ குறைத்தேன். கழுத்துச் சுற்றளவும் நன்றாகக் குறைந்தது. மெஷினை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, குறட்டை இல்லை, பகலில் கண் சொக்குவதும் இல்லை. மெஷினைப் போடச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், எப்போது நிறுத்தலாம் என்று தாமாகவே சொல்ல யாரும் இல்லை. நான்கு முறை போனேன், நான்கு முறையும் "தொடருங்கள்" என்றே சொல்லி அனுப்பினார்கள்.

இது என் கதை மட்டும் இல்லை. எடை குறையும்போது நாக்கில் இருக்கும் கொழுப்பும் குறைகிறது, மூச்சுப்பாதை திறக்க அதுதான் முக்கியக் காரணம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். நோய்க்கான காரணமே கரைந்த பிறகு எதற்காக முகத்தில் குழாயைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும்?

நிலாமுற்றம்:
புதுமூச்சு சார், அவசரப்படாதீர்கள். அந்த 0.9 என்பது மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வரும் எண். மாத்திரை போட்டுக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, நார்மலாக இருக்கிறது, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்வது போலத்தான் இது. மெஷின் இல்லாமல் உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது என்பதை அந்த 0.9 சொல்லவே சொல்லாது.

என் கணவரும் இப்படித்தான் 17 கிலோ குறைத்ததும் நிறுத்தினார். குறட்டை இல்லை, நாங்கள் சந்தோஷப்பட்டோம். நான் வழக்கமாகப் பதினோரு மணிக்குத் தூங்கிவிடுவேன், அதுவரை அவர் மூச்சு சீராகத்தான் இருக்கும். ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தபோதுதான் பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தார், மூச்சு நின்று நின்று வந்தது. கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசைகள் ரொம்பவே தளர்ந்துவிடும். முன்னிரவில் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டியிருக்கிறோம். அந்த இரண்டு மாதமும் அவர் தினம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

விடியல்66:
உங்கள் பயம் புரிகிறது, அக்கா. ஆனால் ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோரையும் ஆயுள் முழுக்க மெஷினில் கட்டிப்போட முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் எடையைக் குறைக்கும் டிர்செபடைடு மருந்தை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியா உள்ள பெரியவர்களுக்கு அனுமதித்தது. அதற்கான சோதனைகளில் ஓராண்டில் எடை 18 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது, மருந்து எடுத்தவர்களில் 42 முதல் 50 சதவீதம் பேர் சி-பாப் தேவைப்படாத அளவுக்கு வந்தார்கள். புதுமூச்சு குறைத்ததும் கிட்டத்தட்ட அதே அளவு. பாதிப்பேருக்குச் சரியாகிறதே!

நிலாமுற்றம்:
மீதிப் பாதி? தேவைப்படாது என்று அந்தப் பாதிப்பேருக்கு எப்படித் தெரிந்தது? திரும்ப ஸ்லீப் டெஸ்ட் எடுத்துத்தான்.

பழைய ஆய்வு ஒன்றும் சொல்கிறேன். ஸ்லீப் அஹெட் என்று பெயர், 2009-ல் வெளியானது. சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்கள் ஓராண்டில் சராசரியாக 10.8 கிலோ குறைத்தார்கள். முழுக்கக் குணமானது 13.6 சதவீதம் பேருக்கு. மற்றவர்களில் பலருக்கும் நல்ல முன்னேற்றம் இருந்தது, ஆனால் நோய் போகவில்லை. தாடை சிறியதாக, உள்வாங்கி இருப்பவர்களுக்கு எடை மட்டும் காரணம் இல்லை. தாடை எலும்பு எடையோடு கரையாது.

காற்றாடி:
நான் ஸ்லீப் லேபில் டெக்னீஷியன். நிறுத்தலாமா, வேண்டாமா என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். அவர் சொன்ன தொந்தரவை யாருமே கவனிக்கவில்லை.

13 என்பது 108 கிலோ உடம்புக்கு வைத்த பிரஷர். இப்போது அது அதிகமாக இருக்கலாம். தேவைக்கு மேல் போகும் காற்றுதான் உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குள் இறங்கும், மாஸ்க் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சிலருக்கு மூளையிலிருந்து மூச்சுக் கட்டளையே சற்று நின்றுபோகும் வகை அப்னியாவையும் அதிகப் பிரஷர் கிளப்பிவிடும். ரிப்போர்ட்டில் 'சென்ட்ரல்' என்று தனியாகக் காட்டும், அதைப் பாருங்கள். டாக்டரிடம் கேட்டு, தேவைக்கேற்ப மெஷினே பிரஷரைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மோடுக்கு மாற்றி, 6 முதல் 13 வரை விட்டு இரண்டு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். இரவின் 95 சதவீத நேரம் எந்தப் பிரஷருக்குள் சமாளித்தது என்று மெஷினே சொல்லும்.

அப்புறம் மாஸ்க். லீக் ஆனால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள். மூக்குத் தண்டில் புண் வரும், லீக் நிற்காது. முகம் மெலிந்ததும் குஷன் அளவு ஒரு சைஸ் குறையும். புதுசை உட்கார்ந்துகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள். படுத்து, மெஷினை ஓடவிட்டு, பக்கவாட்டில் திரும்பியும் பார்த்து எடுங்கள்.

விடியல்66:
இது நியாயமான பேச்சு. ஆனால் பிரஷரைக் குறைத்துக்கொண்டே போடுங்கள் என்பதும் நிறுத்தாமல் வைத்திருக்கும் வழிதான். இரண்டு வாரம் கழற்றிவிட்டுப் பார்த்தால் உடம்பே சொல்லிவிடாதா?

காற்றாடி:
உடம்பு சொல்லும் என்று நம்பாதீர்கள். மெஷினைத் திடீரென்று நிறுத்திப் பார்த்த ஆய்வில் சில நாளிலேயே அப்னியா திரும்பிவிட்டது, இரண்டு வாரத்துக்குள் காலை ரத்த அழுத்தமும் ஏறியது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? எடை 10 சதவீதம் குறைந்தாலே மறு டெஸ்ட் எடுக்கலாம் என்பது எங்கள் துறையில் பழைய வழக்கம். இவர் 18 சதவீதத்துக்கு மேல் குறைத்திருக்கிறார். மெஷின் இல்லாமல் டெஸ்ட் எடுங்கள், எடுக்கும் இரவில் கொஞ்ச நேரமாவது மல்லாந்து படுங்கள்.

புதுமூச்சு (ஏழு வாரம் கழித்து):
டெஸ்ட் முடிந்தது. மொத்த ஏ.எச்.ஐ. 12. மல்லாந்து படுத்தபோது 27, பக்கவாட்டில் 5. 41-லிருந்து இவ்வளவு இறங்கியதே எனக்குப் பெரிய விஷயம். ஆட்டோ மோடில் 95 சதவீத நேரம் 8-க்குள் அடங்கிவிடுகிறது. இன்னும் எத்தனையோ வருடம் நான் தேவையில்லாமல் கஷ்டப்பட்டிருப்பேன், இங்கே கேட்காமல் இருந்திருந்தால்.

விடியல்66:
12 என்றால் லேசான வகை. பக்கவாட்டில் படுக்கப் பழகினாலே போதும், பாருங்கள்.

நிலாமுற்றம்:
தூக்கத்தில் திரும்பாமல் இருக்கிறாரா என்று நாலரை மணிக்கு யார் பார்ப்பது? விடியல் சார், நீங்கள் மறு டெஸ்ட் எடுத்தீர்களா?

விடியல்66:
இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். மல்லாந்தால் 27 என்பதைப் படித்ததும் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. எனக்கும் மல்லாந்து படுக்கும் பழக்கம்தான். இந்த மாதம் எடுத்துவிடுகிறேன். என் எண் 5-க்குக் கீழே வந்தால் இங்கே வந்து சொல்வேன், அப்போது நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நிலாமுற்றம்:
கட்டாயம் ஒத்துக்கொள்வேன். மேலே வந்தாலும் சொல்லுங்கள்.

புதுமூச்சு:
நான் இப்போதைக்கு ஆட்டோ 5 முதல் 10-ல் தொடர்கிறேன், ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன சைஸ் குஷன் வந்துவிட்டது. நேற்று ஏழு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். கண்ணில் காற்று படவில்லை, வயிறும் உப்பவில்லை.