செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள் (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) படமெடுக்க எந்த வைட் ஆங்கிள் ஜூம்: 14-24 எஃப்/2.8 வாங்குவதா, 14-30 எஃப்/4 வாங்குவதா?

முகப்பு:
வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய நகரத்தார் வீடுகளை உரிமையாளர்களுக்காகப் படமெடுத்துத் தருகிறேன். வீட்டுத் திருமணங்களும் எடுப்பதுண்டு. கையில் இருப்பது நிக்கான் இசட் 6 II கேமராவும் 24-70 எஃப்/2.8 எஸ் லென்ஸும். இரண்டாம் கட்டில் (வீட்டின் உள்ளே அடுத்த முற்றப் பகுதியில்) முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கினாலும் தூண் வரிசை முழுவதும் படத்துக்குள் அடங்குவதில்லை. இசட் 14-24 எஃப்/2.8 எஸ், இசட் 14-30 எஃப்/4 எஸ் ஆகியவற்றில் எதை வாங்கலாம்? 2007-இல் வெளிவந்த பழைய 14-24 எஃப்/2.8ஜி செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது; அதையும் கருதலாமா?

கற்றூண்:
ஐயா, வீடுகளுக்கு 14-30 லென்ஸே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ட்ரைபாடில் நிறுத்தி எஃப்/8 என்ற சிறிய துளையில் எடுக்கும் படத்துக்கு 2.8 என்ற அகன்ற துளையால் பயனில்லை. அங்கே நம்மைச் சோதிப்பவை, முற்றத்து வெயிலுக்கும் பட்டாலை நிழலுக்கும் உள்ள வேறுபாடும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அந்த வெயில் பட்டு எழும் பளபளப்பும்தான். போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தால், வெள்ளையாக மறைந்திருந்த பூ வேலைப்பாடு நிறத்தோடு மேலெழுந்து வருவதைக் காணலாம். ஆனால் 14 மி.மீ.யின் பார்வைக் கோணம் 114 பாகை என்பதால், தரையின் ஒரு பகுதியில் பளபளப்பு அடங்கி, மற்றொரு பகுதியில் அப்படியே நிற்கும்.

14-30 லென்ஸுக்கு 82 மி.மீ. ஃபில்டர் போதும், உங்கள் 24-70-க்கும் அதே அளவுதான். 14-24 எஸ் லென்ஸில் அதற்கான தனி ஹூட் வழியாக 112 மி.மீ. ஃபில்டரை மாட்ட வேண்டும், அது செலவு பிடித்த காரியம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 14 மி.மீ.யில் 14-30 லென்ஸ் நேர்கோடுகளை வெளிப்புறமாக வளைக்கிறது. மென்பொருள் தானாகவே அதை நிமிர்த்திவிடும் என்றாலும், மூலைகளை இழுத்து நிமிர்த்துவதால் அங்கே கூர்மை சற்றுக் குறையும். தரைக்கல்லின் கரை வரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியும்.

தேவகோட்டையான்:
திருமணத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் ட்ரைபாடுக்கு இடமிருக்காது. எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 போதுமான வெளிச்சத்தில், எஃப்/4 என்றால் 6400 வைக்க வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்குமே தவிர, அசைகிற மனிதர்களை நிறுத்தாது. அதே வேளையில், 14 மி.மீ.யில் ஓரத்தில் நிற்கும் உறவினர் முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். வீட்டுப் பெரியவர்களை அப்படிக் காட்டுவது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதன்று. ஆகவே 2022-இல் வந்த இசட் 17-28 எஃப்/2.8 லென்ஸையும் பாருங்கள். எடை 450 கிராம்தான்.

முகப்பு:
நன்றி. இரண்டாம் கட்டுக்கு 17 மி.மீ. போதுமா?

கற்றூண்:
அளந்து பார்த்தே முடிவு செய்யலாம். சுவருக்கு நேராகப் பத்தடி தள்ளி நின்றால், 24 மி.மீ.யில் 15 அடி அகலமும், 17 மி.மீ.யில் ஏறத்தாழ 21 அடியும், 14 மி.மீ.யில் 26 அடிக்குச் சற்றுக் குறைவாகவும் படத்துக்குள் வரும். நீங்கள் வழக்கமாக எடுக்கும் வீடுகளில் ஒரு டேப்பைப் பிடித்துப் பாருங்கள். 21 அடிக்குள் தூண் வரிசை அடங்கினால் தேவகோட்டை நண்பர் சொன்னதை வாங்குங்கள், அடங்காவிட்டால் 14-30.

பழைய 14-24 நல்ல லென்ஸ்தான், பழைய நிக்கான் லென்ஸை இசட் கேமராவில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். ஆனால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. முன் கண்ணாடி உருண்டு துருத்தியிருப்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட வழியில்லை. முற்றத்து வெயில் நேராக விழுந்தால் படத்தில் ஒளிப்பொட்டுகளும் தோன்றும். எதை வாங்கினாலும், விலை பேசுவதற்கு முன் ஒரு தட்டையான சுவருக்கு நேராக நிறுத்தி முழுத் துளையில் ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம்.