தனுஷ்கோடி: 4×5 நெகட்டிவில் ஒரு ஓரம் மட்டும் கறுப்பு, அவசர உதவி

நடைவழி (இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் இராமேஸ்வரத்தில் இடம் கிடைக்கவில்லை. 4×5 அங்குலத் தனித்தனி ஷீட் ஃபிலிமில் எடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு இப்போதுதான் வந்தேன், அதைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வருவது இதுவே முதல் முறை. இன்று தனுஷ்கோடியில் எடுத்ததை ரூமிலேயே கழுவிப் பார்த்தேன். ஒரு ஓரம் கறுப்பாக இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை. நாளைக் காலை மறுபடி போகிறேன், இரவு ஊருக்கு ரயில். என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள், மீதி ஃபிலிமையும் வீணாக்க மனம் வரவில்லை.

வெள்ளிஉப்பு (9.18)

நெகட்டிவில் கறுப்பா, ஃபோனில் மாற்றிப் பார்த்த படத்தில் கறுப்பா? முதலில் இதைச் சொல்லுங்கள், காரணம் தலைகீழாக மாறிவிடும். நெகட்டிவில் கறுப்பு என்றால் வேண்டாத வெளிச்சம் விழுந்திருக்கிறது. படத்தில் கறுப்பு என்றால் அங்கே வெளிச்சம் வரவே இல்லை: லென்ஸைத் தூக்கும்போது ஃபிலிமின் ஓரம் அதன் வெளிச்ச வட்டத்துக்கு வெளியே போயிருக்கலாம், பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி) தொங்கி மறைத்திருக்கலாம், டார்க் ஸ்லைடு (ஹோல்டரில் ஃபிலிமை மூடும் தகடு) முழுதாக வெளியே வராமல் இருந்திருக்கலாம்.

எந்த ஓரம்? என்ன ஃபிலிம்? ஷீட்டைப் போட்டு வைக்கும் ஹோல்டர் எது?

கோவை மரப்பெட்டி (9.21)

பெல்லோஸ் ஓட்டை. வேறு எதையும் தேட வேண்டாம். மடிக்கும் கேமராவில் மடிப்பின் மூலைகள்தான் முதலில் தேயும், கடற்கரை வெயில் மிச்சத்தை முடித்துவிடும். ரூம் விளக்கை அணையுங்கள். லென்ஸ் போர்டைக் கழற்றி, ஃபோன் டார்ச்சை உள்ளே விட்டு, பெல்லோஸை முழுக்க நீட்டி, ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் போதும், அதுதான் காரணம். நான் உதவப் போன பாதிக் கேமராக்களில் இதுதான்.

மதுரைக் கதிர் (9.25)

விமானத்தில் வந்தீர்களா? ஃபிலிமை எந்தப் பையில் வைத்திருந்தீர்கள்? செக்-இன் பையில் போட்டிருந்தால் எக்ஸ்ரே பட்டு அங்கேயே முடிந்தது கதை. கைப்பைக்கும் இப்போது சில விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அது பழைய எக்ஸ்ரேயைவிடக் கடுமையானது. பெட்டியைக் கையில் கொடுத்து, திறக்காமல் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பழைய லென்ஸ் (9.31)

தம்பி, கேள்வி கேட்கும் முறையையே முதலில் பழக வேண்டும். கேமரா பெயர் இல்லை, லென்ஸ் இல்லை, ஃபிலிம் இல்லை, எக்ஸ்போஷர் குறிப்பு இல்லை. லார்ஜ் ஃபார்மட் என்பது குறிப்பேடு. ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஹோல்டர் எண், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), நேரம், பெல்லோஸ் நீளம் எழுதாதவர் இந்தப் பக்கம் வரக் கூடாது. 35 எம்எம்மில் நன்றாகக் கைபழகி, அப்புறம் 120 ரோல், அதற்கப்புறம்தான் ஷீட். இப்போது எல்லோரும் நேராக மாடிக்கு ஏறப் பார்க்கிறார்கள்.

பாம்பன் கரை (9.34)

சார், அவர் நாளைக் காலை கிளம்ப வேண்டும், பாடத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, நான் உள்ளூர். இப்போது கச்சான் காற்று, மணலை வாரி அடிக்கும். கேமரா அதில் பாய் விரித்த மாதிரி நிற்கும், டார்க் ஸ்லைடை உருவும்போது தகடு வளையும். அதன் ஒரு மூலை முதலில் நுழைந்தால் ஹோல்டர் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் வெல்வெட் திறந்துகொள்ளும், வெளிச்சம் உள்ளே போய்விடும். என் கணக்கில் காற்றுதான் காரணம். உருவும்போதும் செருகும்போதும் கறுப்புத் துணியை மேலே போர்த்துங்கள். ஒரு கையால் ஹோல்டரை அழுத்திப் பிடித்து, தகட்டை நேராக, முழு அகலமும் ஒன்றாக நுழையும்படி விடுங்கள்.

ட்ரைபாட் கால் ஈர மணலில் இறங்கும், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து அடியில் வையுங்கள். விடிவதற்கு முன் செக்போஸ்டில் வண்டியை விடமாட்டார்கள், மாலையிலும் இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

நடைவழி (9.52)

நன்றி. நெகட்டிவில்தான் கறுப்பு. ரயிலில்தான் வந்தேன், விமானம் இல்லை. ஃபிலிம் ஃபோமாபான் 100; 150 எம்எம் லென்ஸ், மடிக்கும் மரக் கேமரா. பெல்லோஸை டார்ச் வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. ஹோல்டர் எல்லாம் பழசு, கைமாறி வந்தவை. எண் போடவில்லை.

கோவை மரப்பெட்டி (9.55)

ஒருமுறை பார்த்தால் போதாது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். பெல்லோஸை வளைத்தும் திருப்பியும் பாருங்கள், நேராக நிற்கும்போது மூடிக்கொள்ளும் ஓட்டை வளைக்கும்போதுதான் திறக்கும்.

வெள்ளிஉப்பு (10.02)

மரப்பெட்டி சொல்வது நல்ல சோதனை. ஆனால் அதற்கு முன் நெகட்டிவையே கேட்கலாம், அதிலேயே பதில் இருக்கும்.

ஷீட்டின் நாலு ஓரத்திலும் மெல்லிய கண்ணாடிக் கரை ஒன்று தெரியும், பாருங்கள். ஹோல்டரின் விளிம்பு ஃபிலிமை மூடிப் பிடித்திருக்கும் இடம் அது. கேமராவுக்குள், பெல்லோஸ் ஓட்டை வழியே வந்த வெளிச்சம் அந்தக் கரையைத் தொடாது, விளிம்பு மறைத்துவிடும். கறை கரைக்குள் நின்றால் கேமராவைச் சந்தேகப்படுங்கள். கறை கரையையும் தாண்டி ஷீட்டின் நுனிவரை ஓடினால் கேமராவை விடுங்கள். ஹோல்டர், சேஞ்சிங் பேக் (வெளிச்சம் புகாமல் ஃபிலிம் மாற்றும் பை), ஃபிலிம் பெட்டி, கழுவும் டேங்க், இவற்றில் ஒன்றுதான்.

இரண்டாவது கேள்வி. பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க, படம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்தால் கறை எந்தப் பக்கம்? கிடைமட்டமாக எடுக்கும்போது டார்க் ஸ்லைடை எந்தப் பக்கம் உருவுகிறீர்கள்?

பழைய லென்ஸ் (10.08)

அவர் முக்கியமான ஒன்றையே சொல்லவில்லை. காலையில் தனுஷ்கோடியின் இடிந்த சர்ச் கட்டடத்தை எடுக்க எல்லோரும் ஃபில்டர் போட்டு அப்பர்ச்சரை 32க்கு இறக்குவார்கள். நேரம் ஒரு நொடியைத் தாண்டும். மீட்டர் ஒரு நொடி காட்டினால் ஃபோமாபான் 100க்கு இரண்டு நொடி கொடுக்க வேண்டும், பத்து நொடி காட்டினால் எட்டு மடங்கு, அதாவது எண்பது நொடி. இது ஃபிலிமோடு வரும் தாளிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பக்கத்துப் பொருளை எடுத்து பெல்லோஸ் 300 எம்எம் நீண்டால் 150 லென்ஸுக்கு நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மதுரைக் கதிர் (10.11)

சார், அதெல்லாம் சரி, ஆனால் நேரம் குறைந்தால் ஷீட் முழுக்க வெளிறும், ஓரம் மட்டும் கறுக்காது.

பாம்பன் கரை (10.15)

சர்ச் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு சுவரைத்தான் எடுக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடி முடிந்துவிட்டதாகவே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே கம்பிப்பாடு மீனவக் குப்பத்தில் இன்றும் சனம் குடியிருக்கிறது, கரைவலை இழுக்கிறார்கள். பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம் தண்ணீர் குளம் போல அசையாமல் கிடக்கும், ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை கரையை அறுக்கும், நடுவில் ஒரு ரோடு. இவ்வளவு பெரிய ஃபிலிமைக் கொண்டுவந்து இடிந்த சுவரை மட்டும் எடுத்துப் போவதில் எனக்கு வருத்தம்தான்.

பழைய லென்ஸ் (10.22)

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சுவர் உப்புக் காற்றில் நாளுக்கு நாள் உதிர்கிறது. பவளக் கல், சுண்ணாம்பு, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிய 4×5 அளவுக்குப் பொருத்தமானது வேறு இல்லை. பின் வருகிறவர்களுக்கு அது ஆவணம். கரைவலை இழுக்கும் ஆட்கள் ஒரு நொடிகூட நிற்க மாட்டார்கள். ஷீட் ஃபிலிமுக்கு அசையாத பொருள்தான் ஏற்றது.

பாம்பன் கரை (10.27)

நிற்பார்கள் சார். வலையை இழுத்து முடித்து மீன் பிரிக்கும்போது போய் உட்கார்ந்து பேசி, எடுக்கலாமா என்று கேட்டால் நிற்பார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், படம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்தபின் ஊரே நிற்கும். நல்ல வெயிலில் 100 ஃபிலிமுக்கு 16 அப்பர்ச்சரில் நூறில் ஒரு நொடி போதும், நொடிக்கணக்கில் நிற்கச் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்காமல் தூரத்தில் நின்று எடுப்பதுதான் எங்கள் ஊரில் கோபத்தைக் கிளப்பும்.

வெள்ளிஉப்பு (10.30)

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தனி இழை போட்டுப் பேசலாம். நடைவழி, இருக்கிறீர்களா?

நடைவழி (10.48)

இருக்கிறேன் அக்கா. கறை நுனிவரை ஓடுகிறது, கண்ணாடிக் கரையும் கறுப்பு. நீங்கள் சொன்னபடி பிடித்தால் படத்தின் வலது ஓரம். டார்க் ஸ்லைடையும் வலப்பக்கம்தான் உருவுகிறேன்.

பாம்பன் கரை (10.50)

பார்த்தீர்களா, உருவும் பக்கமே கறை. காற்றுதான்.

வெள்ளிஉப்பு (10.58)

இல்லை அண்ணா. படம் ஃபிலிமில் தலைகீழாக, இடவலம் மாறி விழுகிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கு வலப்பக்கம் இருக்கும் ஓரம், படத்தை நிமிர்த்தினால் இடது ஓரமாகிவிடும். டார்க் ஸ்லைடு வாய் வழியே வெளிச்சம் வந்திருந்தால் கறை படத்தின் இடப்பக்கம் இருக்க வேண்டும். இவருக்கு வலப்பக்கம். அதாவது ஹோல்டரின் மறுமுனை, ஃபிலிமை நுழைக்கும் மடக்குப் பட்டை இருக்கும் பக்கம்.

பழைய ஹோல்டரில் அந்தப் பட்டையைப் பிடித்திருக்கும் துணி டேப் காய்ந்து வெடிக்கும். பட்டையைத் திறந்து, மடிப்பு வரும் இடத்துக்குப் பின்னால் ஃபோன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் கோடாகத் தெரியும். ஹோல்டரின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு ஷீட் இருக்கும்; ஒரே பட்டை இரண்டுக்கும் பொது என்பதால், ஜோடியாக இரண்டிரண்டு ஷீட் கெட்டிருக்க வேண்டும். அது பொருந்துகிறதா?

ஃபிலிம் போட்டிருக்கும் ஹோல்டர்களின் பட்டையைச் சேஞ்சிங் பேக்குக்கு வெளியே திறந்துவிடாதீர்கள். கீறல் உள்ள ஹோல்டர் நாளைக்கு வேண்டாம், ரூமிலேயே விட்டுப் போங்கள். கறுப்பு டேப் ஒட்டிச் சரிசெய்யலாம்தான், ஆனால் தடிமனாக ஒட்டினால் ஹோல்டர் கேமராவில் சரியாக உட்காராது, புதுக் கசிவு வரும். அவசரத்தில் செய்ய வேண்டிய வேலை இல்லை அது. மற்ற ஹோல்டர்களையும் வெயிலில் மணல்மேல் வைக்காமல் பைக்குள்ளேயே வையுங்கள்.

கோவை மரப்பெட்டி (11.04)

பெல்லோஸையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கலாம்.

மதுரைக் கதிர் (11.09)

ரூமில் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? அந்தப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. கேன் தண்ணீர் வாங்கி, ஐஸ் பையை வெளியே சுற்றி வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அடுத்த சந்தேகம் இதில்தான் வரும்.

பழைய லென்ஸ் (11.15)

ஹோல்டருக்கு எண் போட்டிருந்தால் இவ்வளவு பேச்சே தேவைப்பட்டிருக்காது. மடக்குப் பட்டையின் விளிம்பில் அரத்தால் சிறு வெட்டு போடுவார்கள்: முதல் ஹோல்டருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு. கழுவிய நெகட்டிவின் ஓரத்திலேயே அந்த வெட்டு பதிந்து வரும், எந்த ஹோல்டர் என்று காலத்துக்கும் தெரியும். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

பாம்பன் கரை (மறுநாள் பிற்பகல் 2.20)

என்ன ஆயிற்று தம்பி? போனீர்களா? திரும்பும் வழியில் உச்சிப்புளிப் பக்கம் கடற்படை விமானதளம் இருக்கிறது, அங்கே ட்ரைபாட் விரிக்காதீர்கள்.

நடைவழி (இரவு 8.35)

ரயிலில் இருக்கிறேன், சிக்னல் விட்டு விட்டு வருகிறது. ஒரு ஹோல்டரில் மடிப்பு நெடுகக் கீறல் இருந்தது, கெட்ட ஷீட்கள் ஜோடிதான். அதை ரூமிலேயே விட்டுப் போனேன். காலையில் எடுத்ததில் இரண்டைக் கழுவினேன், ஓரம் சுத்தம். கம்பிப்பாட்டில் மீன் பிரிக்கும் இடத்திலும் எடுத்தேன். அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிஉப்பு (8.50)

மகிழ்ச்சி. கழுவாத மீதி ஷீட்களை ஹோல்டரிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்றிவிட்டீர்களா? ரயிலில் அதிர்வுக்கு டார்க் ஸ்லைடு நழுவும். கொக்கியைத் திருப்பிப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.