தீபாவளிக்கு முன் தார்த்தளத்துக்குச் சீலர் பூசலாமா? அவசரம்

பூச்சோங்வாசி:
வணக்கம். கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை உள்ள தார்த்தளம் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. தீபாவளிக்கு உறவினர்கள் வருவதற்குள் சீலர், அதாவது தளத்தைக் காக்கும் கறுப்பு மேற்பூச்சு, பூசிவிட வேண்டும். குத்தகையாளர் இந்தச் சனிக்கிழமையே வருவதாகச் சொல்கிறார். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் பூசலாம் என்று வாளியில் அச்சிட்டிருக்கிறது. வரச் சொல்லலாமா?

பத்துகேவ்ஸ் அண்ணன்:
தம்பி, தளம் போட்டு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, வாளியில் இருப்பது பிட்டுமென் குழம்பா (கச்சா எண்ணெயிலிருந்து வரும் தாரை நீரில் கலந்தது) நிலக்கரித் தாரா (நிலக்கரியிலிருந்து எடுப்பது), தளத்தில் மர நிழல் விழுகிறதா என்பதையெல்லாம் எழுதினால்தான் பதில் சொல்ல முடியும். புதுத் தளமாக இருந்தால் சில மாதங்களாவது ஆறவிட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் தளம் இன்னும் பூச்சை ஏற்காது.

சாலைக்காரர்:
ஆண்டுதோறும் யாராவது இதையே கேட்கிறார்கள். பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம்தான் எவரிடமும் இல்லை. அந்த 10 பாகை குளிர்நாட்டாருக்கு எழுதிய எல்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் விடியற்காலையிலேயே 23, 24 பாகை இருக்கும்போது அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. நீர் கலந்த சீலர், அந்த நீர் ஆவியாகி வெளியேறினால்தான் இறுகும். அதற்குக் குறைந்தது 24 மணி நேரம் மழை படக்கூடாது. அக்டோபரும் நவம்பரும் பருவக்காற்று மாறும் காலம் என்பதால், காலையில் வெயில் கொளுத்தினாலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிடும்.

தீவுக்காரி:
இங்கே பினாங்கில் பக்கத்து வீட்டார் அக்டோபரில் பூசினார்கள். அன்று மாலை பெய்த மழையில் கருநீர் கால்வாய்வரை ஓடியது. மறுநாள் பார்த்தால் ஓரங்களில் மட்டும் கறுப்பு எஞ்சியிருக்க, நடுவில் பழைய கல் பல்லிளித்தது. எங்களுக்கு வறண்ட மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

சாலைக்காரர்:
பினாங்குக் கணக்கைக் கோலாலம்பூருக்குச் சொல்லாதீர்கள், அம்மா. இங்கே ஜூன், ஜூலைதான் சரி.

தீவுக்காரி:
அந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து வரும் புயல்மழையை மறந்துவிட்டீர்கள், ஐயா. மேற்குக்கரை முழுவதுக்கும் அது பொருந்தும்.

கிள்ளான் பட்டறை:
மாதத்தை விடுங்கள். நிலக்கரித் தார்ச் சீலர் வாங்கினால் பெட்ரோல் சிந்தினாலும் கரையாது.

பத்துகேவ்ஸ் அண்ணன்:
பெட்ரோலைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதில் புற்றுநோய்க்குக் காரணமாகும் ஹைட்ரோகார்பன்கள் மிகுதி என்பதால்தான், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2006ஆம் ஆண்டிலேயே அதைத் தடை செய்தது. தேய்ந்த துகள் மழைநீரோடு ஆற்றுக்கும் போகும், கால்களில் ஒட்டி வீட்டுக்குள்ளும் வரும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடியாடும் வாசலுக்கு நான் ஒருபோதும் அதைச் சொல்லமாட்டேன்.

கிள்ளான் பட்டறை:
எங்கள் பட்டறை வாசலில் பல ஆண்டுகளாக அதுதான் இருக்கிறது. ஒரு குறையும் இல்லை.

பூச்சோங்வாசி:
தளத்துக்கு எட்டு வயது. வாளியில் பிட்டுமென் குழம்பு என்று இருக்கிறது. கேட்டருகே மாமர நிழல் உண்டு. குத்தகையாளரிடம் பேசி, வேலையை ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைத்துவிட்டேன். அதுவரை என்ன செய்யலாம்?

பத்துகேவ்ஸ் அண்ணன்:
நல்ல முடிவு. தீபாவளிக்குள் எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, புல்லைப் பிடுங்கி, மழையில்லாத நாளாகப் பார்த்து வெடிப்புகளை அடைத்துவிடுங்கள். வெடிப்பில் இறங்கும் நீர்தான் அடித்தளத்தை அரிக்கும். மாமரக் கிளையையும் கழித்துவிடுங்கள், நிழல் விழும் பகுதிதான் கடைசியாகக் காயும். ஜனவரியில் பூசுவதற்கு முந்திய நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு, காலைப் பனி உலர்ந்ததும் தொடங்கச் சொல்லுங்கள். கனமாக ஒரே தடவை பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுவதே முறை. காரை இரண்டு நாள் வெளியே நிறுத்துங்கள்.