ஹைவேயில் 19, சென்னைக்குள் 13: 1.2 பெட்ரோலுக்கு இது சரியான மைலேஜா?

வேளச்சேரி_1200

வண்டி 2018 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், 61,000 கிமீ ஓடியது. கம்பெனி சொன்ன கணக்கு லிட்டருக்கு 22. கிடைப்பது வேளச்சேரி–அம்பத்தூர் எஸ்டேட் தினசரி ஓட்டத்தில் ஏசியோடு 13, திருச்சி ரூட்டில் 19. ஆபீஸ் தூரம் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 கிமீ, பீக் நேரத்தில் 70 நிமிடம் ஆகிறது. மீட்டர் டிஸ்ப்ளே காட்டுவது இதைவிட ஒன்றரை கிமீ கூடுதல்.

13 என்பது வண்டியில் கோளாறா, டிராஃபிக்கா? ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இதில் எவ்வளவு தின்கிறது? உங்கள் வண்டிக் கணக்கைப் போடுபவர்கள் ரூட், சராசரி வேகம், ஏசி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் "18 வருது" என்றால் ஒப்பிட முடியாது.

கொங்கு_டீசல்

முதலில் அளவு சரியா என்று பாருங்கள். டிஸ்ப்ளே இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. பெரும்பாலான வண்டிகளில் 5 முதல் 10 சதவீதம் கூட்டித்தான் காட்டும். டேங்க் டு டேங்க், அதாவது டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும் லிட்டரை வைத்துப் போடும் கணக்கை மட்டுமே நம்பலாம். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடவா சார்" என்பதற்குத் தலையாட்டினால் கணக்கு போச்சு. கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் திரவமே போய் அதையும் கெடுக்கும்.

பத்து லிட்டர் செலவானதுமே நிரப்பி அளக்காதீர்கள். ஆட்டோ கட் ஒரு லிட்டர் முன்பின் ஆனால் 10 லிட்டரில் 10 சதவீதம் பிழை, 30 லிட்டரில் 3 சதவீதம்தான். நாலைந்து ஃபில்லிங்கைக் கூட்டி மொத்த கிமீயை மொத்த லிட்டரால் வகுங்கள்.

டயர் சைஸ் மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 போட்டால் சுற்றளவு 2 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்து எண்ணும், மைலேஜும் குறைந்ததுபோலவே தெரியும்.

ஜிஎஸ்டி_ரோடு

உங்கள் 13ஐக் கணக்காகவே காட்டலாம். 20 கிமீ, 70 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 17 கிமீ. அதில் 25 நிமிடமாவது சிக்னலிலும் நெரிசலிலும் நிற்பீர்கள். 1.2 பெட்ரோல் என்ஜின் ஏசியோடு ஐடிலில் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும், ஆக நின்றபடியே 0.4 லிட்டர். ஓடும் நேரத்தில் 18 கொடுத்தாலும் 20 கிமீக்கு 1.1 லிட்டர். மொத்தம் 1.5. வகுத்தால் 13.3. கோளாறே இல்லாத வண்டி இந்த ரூட்டில் தருவது இதுதான்.

கம்பெனி சொல்லும் 22 வருவது ரோலர் மேல் நடக்கும் டெஸ்டில். 1180 வினாடி, சுமார் 10.6 கிமீ, சராசரி 32 கிமீ வேகம், உச்சம் 90, ஏசி கிடையாது. வண்டிக்கு வண்டி ஒப்பிட அது உதவும். அம்பத்தூருக்கு உதவாது.

ஹைவே 19 எந்த வேகத்தில்? காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80ல் இருப்பதைவிட 100ல் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அதே திருச்சி ரூட்டை 80–85ல் ஓட்டினால் 21ஐ எதிர்பார்க்கலாம்.

எத்தனால்_கணக்கு

ஈ20 பற்றி. எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல் சக்தி, பெட்ரோலில் சுமார் 32. எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20ல் சக்தி 7 சதவீதம் குறைவு. ஆனால் அதற்கு முன் ஈ10 தானே போட்டுக்கொண்டிருந்தோம்? ஈ10லிருந்து பார்த்தால் குறைவு 3.5 சதவீதம்தான். நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து ஈ10க்கு ட்யூன் செய்த கார்களுக்கு 6–7 சதவீதம், ஈ10க்கு வடிவமைத்து ஈ20க்கு ட்யூன் செய்தவற்றுக்கு 1–2 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மதிப்பிடுகிறது. சிட்டியில் உங்களுக்கு அதிகபட்சம் லிட்டருக்கு ஒரு கிமீ போகும். யாருக்காவது 14லிருந்து 10க்கு இறங்கியிருந்தால் எத்தனாலைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் வண்டியைச் செக் பண்ணுங்கள்.

அதிக ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் போட்டு ஈடுகட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சாதா பெட்ரோலுக்கு வடிவமைத்த என்ஜினில் கூடுதல் விலைதான் மிச்சம்.

மதுரை_ஒர்க்‌ஷாப்

டிராஃபிக் கணக்கு சரி. இருந்தாலும் 61,000 கிமீ வண்டியில் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

பிரேக் பிடிப்பு: ஹைவேயில் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீல் ரிம் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். முன் இரண்டில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த பிரேக் காலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் இறுகியிருக்கலாம். ஜாக்கி போட்டு நியூட்ரலில் கையால் சுற்றினால் இடது, வலது வித்தியாசம் தெரிந்துவிடும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். இன்னொன்று, சர்வீஸில் ஹேண்ட்பிரேக் கேபிளை ஓவராக டைட் பண்ணுவது சகஜம். லீவரை இறக்கிய பிறகு பின் வீல் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு): இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓபிடி அடாப்டர் (வண்டியின் சென்சார் அளவுகளை மொபைல் ஆப்பில் காட்டும் கருவி) மாட்டி கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். 85–95 டிகிரியில் நிலைக்க வேண்டும். நெரிசலில் சரியாக இருந்து, ஹைவேயில் 70க்குக் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. என்ஜின் குளிர்ந்தே இருப்பதாக நினைத்து இசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோல் விடும். அதே ஆப்பில் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (இசியூ தொடர்ந்து கூட்டிவிடும் பெட்ரோலின் சதவீதம்) 10க்கு மேல் போனால் காற்றுக் கசிவு அல்லது ஆக்ஸிஜன் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

டயர் காற்றை டிரைவர் கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி, காலையில் வண்டி ஓடுமுன் பிடியுங்கள். ஓடிய டயரில் 3–4 பிஎஸ்ஐ கூடத் தெரியும். அதை நம்பிக் குறைத்துவிட்டால் மறுநாள் காற்றுப் போதாது. ஆயில் மேனுவலில் சொன்ன கிரேடுதான், கெட்டியான 20டபிள்யூ-40 வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் போகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதனால் மைலேஜ் பெரிதாக இறங்காது.

ஏற்காடு_வளைவு

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம் என்பவர்களுக்கு: கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுக்க மூடிவிடும், செலவு பூஜ்யம். நியூட்ரலில் ஐடிலுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், என்ஜின் பிரேக்கும் இல்லை. மலையில் அது உயிருக்கே ஆபத்து. சிட்டியிலும் சிவப்பு விளக்கு தெரிந்ததும் கியரிலேயே உருட்டி வாருங்கள். ஸ்பீடு ரொம்ப இறங்கிய பிறகு கிளட்ச் மிதித்தால் போதும்.

தினமும் இதே நெரிசல்தான் என்றால் அடுத்த வண்டிக்கு ஸ்ட்ராங் ஹைபிரிட் பாருங்கள். நிற்கும்போது என்ஜின் அணைந்திருக்கும், ஏசி பேட்டரியில் ஓடும். மேலே சொன்ன அந்த 0.4 லிட்டரில் பெரும்பகுதி அதில் மிச்சமாகும்.

வேளச்சேரி_1200

நன்றி. டயர் சைஸ் மாற்றவில்லை. ஹைவேயில் 95–100. வீல் சூடும் கூலன்ட் வெப்பமும் பார்த்துவிட்டுப் போடுகிறேன். அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும், பங்க் அளவில் அடிப்பதும் எவ்வளவு உண்மை?

கொங்கு_டீசல்

அதிகாலைக் கதையை விடுங்கள். டேங்க் தரைக்குள் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி, அதாவது அரை சதவீதம். அதற்குள் இருந்தால் உங்கள் மைலேஜ் குறைவுக்கு பங்க் காரணமில்லை.