பாதுகாப்பு விதியிலிருந்து அணுமின் நிலையத்துக்கு விலக்கு: சுற்றுச்சூழல் மதிப்பீடு உண்மையில் எதை ஆராய்கிறது?

கேள்வி (சட்ட மாணவன்)

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், பாதுகாப்பு விதிகளிலிருந்து அணுமின் நிலையங்களுக்கு விலக்கு அளிக்கும்போது கூட்டாட்சி அரசிதழில் வெளியிட்ட சுற்றுச்சூழல் மதிப்பீடுகள் சிலவற்றைப் படித்து வருகிறேன். நிலையம் வேறு, விதி வேறு என்றாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. விபத்து நேரும் வாய்ப்போ அதன் விளைவுகளோ குறிப்பிடத்தக்க அளவு கூடாது; வெளியேறும் கழிவுகளின் வகையில் மாற்றமில்லை; பணியாளரும் பொதுமக்களும் பெறும் கதிர்வீச்சு குறிப்பிடத்தக்க அளவு உயராது; ஆகவே சுற்றுச்சூழலில் குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை. மாற்று வழி என்ற தலைப்பில் விலக்கை மறுப்பது ஒன்றுதான் பேசப்படுகிறது. மறுத்தாலும் சுற்றுச்சூழல் நிலையில் வேறுபாடு இராது என்று அதுவும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

விபத்தைத் தடுக்கவென்றே வகுத்த ஒரு விதியைத் தளர்த்திவிட்டு, விபத்து வாய்ப்பு கூடாது என்று சில பத்திகளில் எப்படி முடிவுகட்ட முடிகிறது? நியூயார்க் மாநிலத்தின் இந்தியன் பாயிண்ட் மூன்றாம் அலகுக்கு 2007-இல் தீத்தடுப்பு விதியிலிருந்து அளிக்கப்பட்ட விலக்கை முன்வைத்து யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (கோப்பு வாசகர்)

இங்கே இரண்டு சட்டங்கள் அருகருகே ஓடுகின்றன என்பதைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். விலக்கு அளிக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது கூட்டாட்சி விதித்தொகுப்பின் பத்தாம் தலைப்பில் 50.12 என்ற பிரிவு. விலக்கு சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், மக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தகாத இடர் விளைவிக்கக் கூடாது, இவற்றோடு ‘சிறப்புச் சூழ்நிலை’ ஒன்றும் இருக்க வேண்டும் என்கிறது அது. விதியின் அடிப்படை நோக்கம் வேறு வழியில் நிறைவேறுகிறது என்பது அச்சூழ்நிலைகளில் ஒன்று.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டைக் கோருவதோ 1969-ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். அச்சட்டத்தின் கடமைகளை அணுசக்தி அமைப்பும் மேம்போக்காக அன்றி முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று 1971-இல் கால்வர்ட் கிளிஃப்ஸ் (மேரிலாந்தில் உள்ள அணுமின் நிலையம்) வழக்கில் நீதிமன்றம் கண்டிப்பாகவே சொன்னது. முழு அளவிலான தாக்க அறிக்கை தேவையா, இல்லையா என்று பார்க்கும் சுருக்கமான ஆய்வுதான் நீங்கள் படித்த ஆவணம். அது சிறியதாக இருப்பது இயல்பே. பொறியியல் வாதத்தை அதில் தேடினால் கிடைக்காது. விலக்கு ஆணையோடு வரும் பாதுகாப்பு ஆய்வில்தான் அது இருக்கும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற மின்பொறியாளர்)

இந்தியன் பாயிண்ட் விவகாரத்தை அதன் வேரிலிருந்து சொல்கிறேன், சற்று நீளும்.

1975 மார்ச் 22 அன்று அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், கேபிள்கள் சுவரைக் கடந்து செல்லும் துளையில் காற்றுக் கசிகிறதா என்று பணியாளர்கள் மெழுகுவர்த்திச் சுடரை வைத்துச் சோதித்தார்கள். கசிவை அடைக்கச் செருகிய பாலியூரித்தேன் நுரையில் தீப்பற்றியது. சுமார் ஏழு மணி நேரம் எரிந்த அந்தத் தீ, ஏறத்தாழ 1,600 கேபிள்களைச் சேதப்படுத்தி, அணு உலையைக் குளிர்விக்கும் கருவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் செயலிழக்கச் செய்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்று இரட்டையாக அமைத்த ஏற்பாடுகளின் கேபிள்கள் அடுத்தடுத்துச் சென்றதே காரணம். இதற்குப் பிறகு வந்ததுதான் ‘பின்னிணைப்பு ஆர்’ எனப்படும் தீப்பாதுகாப்பு விதி. இரட்டைக் கேபிள்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும். அல்லது தீயுணர் கருவியும் தானியங்கித் தீயணைப்பும் உள்ள இடத்தில், இடையில் எரியக்கூடிய பொருள் ஏதும் இல்லாத 20 அடி இடைவெளியோ ஒரு மணி நேரம் தாங்கும் தடுப்போ இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தியன் பாயிண்டில் அந்த ஒரு மணி நேரத் தடுப்பாக ‘ஹெமிக்’ என்ற உறையைக் கேபிள் பாதைகளில் சுற்றியிருந்தார்கள். 2005-இல் ஆணையமே அதைத் தீச்சோதனை உலையில் (அணு உலை அல்ல, வெப்பச் சூளை) வைத்துச் சோதித்தபோது வெளித்துணி சுருங்கி, பொருத்துகள் திறந்துகொண்டன. ஒரு மணி நேரம் தாங்கவில்லை. உறையை மாற்றுவதா, விலக்குக் கேட்பதா என்ற நிலையில் நிலையத்தை நடத்திய என்டர்ஜி நிறுவனம் விலக்குக் கேட்டது. 2007-இல் ஒரு பகுதிக்கு 30 நிமிடமும் இன்னொரு பகுதிக்கு 24 நிமிடமும் போதும் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது.

60 எங்கே, 24 எங்கே என்று யாரும் கேட்பார்கள். ஆனால் இவை கடிகார நிமிடங்கள் அல்ல, உலைச் சோதனை நிமிடங்கள். சோதனை உலையின் வெப்பம் ஐந்தாம் நிமிடத்தில் சுமார் 538 பாகை செல்சியஸையும் ஒரு மணி நேர முடிவில் சுமார் 927 பாகையையும் எட்டும்படி நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எரிவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாத சுரங்கப்பாதையில் மூளும் தீ அந்த அளவைத் தொடவே தொடாது. தீயுணர் கருவி ஒலித்துத் தீயணைப்புக் குழு வந்து சேர உலைக் கணக்கில் 24 நிமிடம் தாராளம் என்பது ஆணையத்தின் வாதம். பொறியியல் நோக்கில் இது ஏற்கத்தக்கதே.

எனக்குள்ள ஐயம் வேறிடத்தில். உலைச் சோதனை என்பது யார் ஆண்டாலும் மாறாத அளவுகோல். விலக்குக்குப் பிறகு பாதுகாப்பின் ஒரு பங்கு, அந்த இடத்தில் எண்ணெய் டப்பாவோ மரப்பலகையோ கேபிள் சுருளோ விட்டுவைக்காத அன்றாட ஒழுங்கின் மேல் வந்து நிற்கிறது. பழுதுபார்ப்புக்காக அணு உலையை நிறுத்தும் வாரங்களில் ஒப்பந்தப் பணியாளர்கள் குவிவார்கள். அந்த ஒழுங்கு குலைவதும் அப்போதுதான். விபத்து வாய்ப்பு கூடாது என்ற ஒற்றை வரி இதையெல்லாம் தனக்குள் விழுங்கிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் சுற்றுச்சூழல் மதிப்பீடு, பாதுகாப்பு ஆய்வின் முடிவை அப்படியே எடுத்து மறுபடி எழுதுகிறது, அவ்வளவுதானா? அந்த முடிவு எடுக்கப்படும் முன் வெளியார் யாரேனும் அதைக் கேள்வி கேட்க வழி இருந்ததா?

மறுமொழி (கோப்பு வாசகர்)

பெரும்பாலும் ஆம் என்பதே முதல் கேள்விக்கு விடை. இரண்டாவதுதான் நீதிமன்றம் வரை போனது.

உரிமம் வழங்கும்போதும் திருத்தும்போதும் விசாரணை கோரும் உரிமையை அணுசக்திச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு தருகிறது. விலக்கு என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே விலக்குக்கு விசாரணை கிடையாது என்பது ஆணையத்தின் நிலை. நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் பிராட்ஸ்கி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். முதலில் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று 2009-இல் அது திருப்பி அனுப்பியது. பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று, மீண்டும் மேலே போனபோது, 2013 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அவருடைய வாதங்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் தள்ளுபடியாயின. விலக்கின் பொறியியல் நியாயத்தில் நீதிமன்றம் தலையிடவில்லை. நின்ற ஒரே வாதம், மக்களிடம் கருத்துக் கேட்காதது பற்றியது. இயன்றவரை பொதுமக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றுச்சூழல் நெறிமுறைகள் சொல்லியிருக்க, இங்கே ஏன் அது பொருந்தாது அல்லது இயலாது என்பதற்கு ஆணையத்தின் கோப்பில் எந்த விளக்கமும் இல்லை என்று கூறி, நீதிமன்றம் அதை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. ஆணையம் பின்னர் வரைவு மதிப்பீட்டை வெளியிட்டுக் கருத்துகளைப் பெற்றது, முடிவை மாற்றவில்லை.

எனவே இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பாதுகாப்பு ஆய்வை முன்கூட்டியே கேட்டுப் பெறும் வழி இல்லாதபோது, மக்கள் நுழைவதற்கு இருந்த ஒரே கதவு அந்தச் சிறிய ஆவணம்தான்.

மறுமொழி (நடைமுறை அறிந்தவர்)

கதவு என்று நண்பர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது இப்போது எல்லா விலக்குக்கும் திறந்திருப்பதில்லை. 2010-இல் ஆணையம் தன் சுற்றுச்சூழல் விதிகளின் 51.22 பிரிவைத் திருத்தி, மதிப்பீடே தேவைப்படாத செயல்களின் பட்டியலில் பல வகை விலக்குகளைச் சேர்த்தது. பதிவேடு, அறிக்கை, பயிற்சி, கால அட்டவணை போன்றவற்றுக்கான விலக்குகள் அதில் அடக்கம். அவற்றைப் பற்றி எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட வளாகத்துக்குள் இருக்கும் நிலையத்தின் உறுப்பு ஒன்றைப் பொருத்துவது, பயன்படுத்துவது தொடர்பான விலக்கையும் அதே பட்டியலில் சேர்க்க இடமுண்டு. கேபிள் உறை ஒன்றைப் பற்றிய விலக்கும் இவ்வகையில் வரக்கூடும்.

அதற்கான நிபந்தனைகளைப் பாருங்கள்: குறிப்பிடத்தக்க ஆபத்து எழக்கூடாது, வெளியேறும் கழிவுகளின் வகையிலும் அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கக்கூடாது, பணியாளர் பெறும் கதிர்வீச்சு குறிப்பிடத்தக்க அளவு கூடக்கூடாது. கேள்வி கேட்டவர் மதிப்பீட்டின் முடிவாகப் படித்த வாசகங்களும் ஏறத்தாழ இவைதாம். அவை இப்போது மதிப்பீடு தேவையில்லை என்பதற்கான முன்நிபந்தனையாகிவிட்டன. அவை நிறைவேறுகின்றனவா என்று தீர்மானிப்பதும் விலக்கை அளிக்கும் அதே அலுவலகம்தான்.