1957 பேச்சுவார்த்தையை வகுப்பில் நடத்திப் பார்க்கலாமா?

படிவம்4_டீச்சர்:
வணக்கம். பேராக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். மலாயா சுதந்திரப் பேச்சுவார்த்தை பாடத்தை இந்தத் தடவை வாசித்துக் கோடு போட வைக்காமல், மாணவர்களையே பேச வைத்தேன். 31 பேர், மலாய், சீன, இந்திய மாணவர்களோடு பூர்வகுடிப் பிள்ளைகள் இரண்டு பேர். மலாய் ஆட்சியாளர்களின் பேராளர்கள், அம்னோ (மலாய்க்காரர் கட்சி), ம.சீ.ச. (சீனர் கட்சி), ம.இ.கா. (இந்தியர் கட்சி), பிரிட்டிஷ் அரசு என்று ஐந்து குழு. சொந்த இனத்தின் நாற்காலி யாருக்கும் கிடையாது என்பது மட்டும்தான் விதி.

சுல்தான்களின் பேராளராக உட்கார்ந்தது ஒரு தமிழ்ப் பையன். வகுப்பில் வாயே திறக்காதவன். பிரிட்டிஷ் குழுவைப் பார்த்து, "1945-ல மெக்மைக்கேல்னு உங்க தூதரை அனுப்பிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனீங்க, மறு வருஷமே மலாயன் யூனியன்னு எங்க அதிகாரத்தை எடுத்துக்கிட்டீங்க, இப்போ எதுக்கு நம்பணும்?" என்று கேட்டான். அடுத்து அம்னோவில் இருந்த சீனப் பெண்ணிடம் திரும்பி, "தேர்தல்ல ஜெயிச்சது நீங்க, சுதந்திரம் வந்த பிறகு ஆட்சியாளருக்கு என்ன மிச்சம்?" என்றான். அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், பதில் அதில் இல்லை. கடைசியில் அவளே யோசித்து ஒரு சமரசம் சொன்னாள்.

மூத்த ஆசிரியர் ஒருவர், "இனத்தை வைத்து விளையாடாதே, நிறுத்து" என்கிறார். உங்கள் கருத்து என்ன?

மூன்று_பிள்ளை_அப்பா:
டீச்சர், மூத்தவர் சொன்னதில் தப்பில்லை. 2013-லிருந்து எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வில் வரலாறு கட்டாயத் தேர்ச்சி, அதில் போனால் சான்றிதழே கிடையாது. என் மகள் அடுத்த வருஷம் உட்காருகிறாள். அரசமைப்பை வரைந்த ரீட் குழுவில் யார் யார், லண்டன் மாநாடு எப்போது, இதுதான் கேட்பார்கள். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எப்படி உணர்ந்தார் என்றா கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்று, நீங்கள் தொட்ட விஷயம் சாதாரணமானது இல்லை. குடியுரிமை, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, தேசிய மொழி, ஆட்சியாளர்கள். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு இந்த நான்கையும் கேள்வி கேட்பதே தேச நிந்தனை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு பையன் பேசுவதைக் கைப்பேசியில் பிடித்துப் பாதியை வெட்டி யாராவது போட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். நான் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தோட்டத்துப்_பேரன்:
எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் அண்ணன் சொன்ன காரணத்துக்காக இல்லை. ஐந்து நாற்காலியில் மூன்று, இனத்துக்கு ஒரு கட்சி என்று இருக்கிறது. அப்படி உட்கார வைத்தாலே, இந்த நாட்டில் இனம் இனமாகத்தான் பேச முடியும் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும்.

1947-ஐ எங்கே விட்டீர்கள் டீச்சர்? புத்தேரா, ஏ.எம்.சி.ஜே.ஏ. என்ற இரண்டு கூட்டமைப்புகளும் சேர்ந்து மக்கள் அரசமைப்பு என்று ஒன்றை எழுதின. மலாய் இடதுசாரிகள், தொழிற்சங்கங்கள், சீனத் தலைவர் தான் செங் லோக், ஜோன் திவி தலைமையில் இருந்த ம.இ.கா. எல்லாரும் அதில் இருந்தார்கள். குடிமக்கள் அத்தனை பேரின் தேசியமும் 'மெலாயு' என்று இருக்கட்டும் என்று சீனரும் இந்தியரும் ஒப்புக்கொண்ட ஆவணம் அது. பிரிட்டிஷார் கண்டுகொள்ளவில்லை. அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தும் அசையவில்லை. அடுத்த வருஷம் அவசரகாலம். தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு மேசையில் யார் மிச்சம் இருந்தார்களோ அவர்கள் பேசியதுதான் உங்கள் பேச்சுவார்த்தை.

அந்த மேசையிலும், 1956 ஜனவரியில் லண்டனுக்குப் போன அம்னோ-ம.சீ.ச.-ம.இ.கா. கூட்டணியின் பேராளர்கள் நான்கு பேர்: முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், டாக்டர் இஸ்மாயில், அஜீஸ் இஷாக், எச்.எஸ். லீ. இந்தியர் ஒருவர்கூட இல்லை. நீங்கள் ம.இ.கா.வுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டீர்கள்.

படிவம்4_டீச்சர்:
தம்பி, லண்டன் நாற்காலி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை மாற்றிவிடுகிறேன். ஆனால் நாற்காலி வைத்தால் இனவாதம் பதியும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், நான் கண்ணால் பார்த்தது அதற்கு நேர்மாறு.

லண்டனுக்குப் போனவர்கள் சிங்கப்பூரிலிருந்து கராச்சி வரைக்கும் கப்பலில் போனார்கள். விமானம் இருந்தும் ஏன் கப்பல் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஆட்சியாளர்களின் பேராளர்கள் நான்கு பேரும் கூட்டணியின் நான்கு பேரும் வழியிலேயே ஒத்த கருத்துக்கு வர வேண்டியிருந்தது, பிரிட்டிஷார் முன்னால் அடித்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும். அதாவது முதல் பேச்சுவார்த்தை பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்குள்ளேயே நடந்தது. இதைக் கேட்டதும் ஒரு மலாய்ப் பெண், "அப்படியானால் நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் இல்லையா?" என்று கேட்டாள். பதினாறு வயதில் அந்தக் கேள்வி வருவதற்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்.

சட்டம்_படித்தவள்:
அக்கா, நாற்காலிகள் இருக்கட்டும், கையில் என்ன தாள் கொடுத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி. பாதிப் பேர் 1957-ஐ 'சமூக ஒப்பந்தம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், குடியுரிமைக்குச் சிறப்பு நிலை என்று கையெழுத்தாகி முடிந்த ஒரு பண்டமாற்று மாதிரி. அந்தச் சொல் அரசமைப்புச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. அப்துல்லா அகமது 1986-இல் சிங்கப்பூரில் பேசிய பிறகுதான் அரசியல் மேடைகளில் பரவியது.

உண்மையில் நடந்தது இன்னும் சிக்கலானது. சிறப்பு நிலையை 15 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்றது ரீட் குழு, இறுதி வடிவில் அந்தக் கால வரம்பு எடுபட்டது. சட்டமன்றத்தில் பத்தாண்டு சீனத்திலும் இந்திய மொழியிலும் பேச இடம் கொடுக்கலாம் என்ற பரிந்துரையும் போனது. இஸ்லாம் கூட்டரசின் சமயம் என்ற வரி ரீட் குழுவின் பெரும்பான்மை அறிக்கையில் இல்லை, பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீதுதான் தன் மாற்றுக் குறிப்பில் வலியுறுத்தினார், பின்னர் மூன்றாம் விதியானது. பரிந்துரை ஒரு பக்கம், இறுதி வடிவம் ஒரு பக்கம் என்று இரண்டு தாளையும் கொடுத்துவிட்டு நடுவில் யார் தள்ளினார்கள் என்று தேடச் சொல்லுங்கள். அண்ணன் பயப்படுகிற ஆபத்தும் குறையும். சிறப்பு நிலையைச் சொல்லும் 153-ஆம் விதி வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை, எப்படி வந்தது என்று படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பேரன், 1947-ஐ நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டணியை வெறும் மிச்சம் என்று தள்ளாதீர்கள். 1952-இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் ஓன் ஜாஃபாரின் பல இனக் கட்சியைத் தோற்கடிக்கத்தான் அம்னோவும் ம.சீ.ச.வும் கை கோத்தன, 12-இல் 9 இடம் கிடைத்தது. 1955 பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் 84 விழுக்காடு. அம்னோ தனியாகவே நின்றிருக்கலாம். இருந்தும் 52 இடத்தில் 15-ஐ ம.சீ.ச.வுக்கும் 2-ஐ ம.இ.கா.வுக்கும் விட்டுக்கொடுத்தது. கூட்டணி 51-இல் வென்றது. மலாய் வாக்காளர்கள் சீன வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதுவும் ஒரு பேச்சுவார்த்தைதானே?

மூன்று_பிள்ளை_அப்பா:
தங்கச்சி, இந்த 15 ஆண்டு விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும். நானும் இந்த நாட்டில்தான் படித்தேன், பத்து வருஷம் வரலாறு மனப்பாடம் செய்தேன். அந்த இரண்டு தாள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, எஸ்பிஎம்மில் விளக்கி எழுதும் கேள்விக்கும் உதவும். நாற்காலி மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. செய்வதாக இருந்தால் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள் டீச்சர்.

தோட்டத்துப்_பேரன்:
2 இடத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வருகிறது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் கிடையாது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஓராண்டில் மொழி நிபந்தனையைத் தளர்த்திக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். தோட்டத்தில் யாரும் அதை அவருக்குச் சொல்லவில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து ரப்பர் மரம் சீவப் போனவர், அந்த வருஷமும் அப்படியேதான் போனார். சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். ஓட்டுப் போட்டதே இல்லை. 1957-இல் அவர் சார்பாகப் பேசியது யார் என்று என் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. அவருக்கு எந்த நாற்காலி டீச்சர்?

படிவம்4_டீச்சர்:
தம்பி, இதை இரண்டு தடவை படித்தேன்.

மேசையில் இடம் கொடுத்தால் நான் பொய் சொன்னதாகிவிடும், அன்றைக்கு யாரும் கொடுக்கவில்லை. அதனால் மேசைக்கு வெளியே ஒரு பெஞ்சு போடுகிறேன். அதில் ஒரு மரம் சீவும் பெண், தடுப்புக்காவலில் இருக்கும் தொழிற்சங்கக்காரர் ஒருவர், காட்டோரத்திலிருந்து புதுக்கிராமத்துக்கு மாற்றப்பட்ட சீன விவசாயி ஒருவர், பூர்வகுடி ஒருவர். அவர்கள் பேசக் கூடாது, ஆனால் எழுதலாம். ரீட் குழுவுக்கு 131 மகஜர்கள் வந்தன. பெஞ்சில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். ரீட் குழுவாக உட்காரும் பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப்_பேரன்:
பெஞ்சில் இருக்கும் அந்தப் பெண்ணின் பாத்திரக் குறிப்பை நான் எழுதித் தரட்டுமா? வயது 24, தோட்டத்தில் பிறந்தவர், கையெழுத்துப் போடத் தெரியும், மலாய் சந்தையில் பேசும் அளவுக்குத் தெரியும், பிறப்புப் பத்திரம் இல்லை.

படிவம்4_டீச்சர்:
எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளை, அதற்கு முன்னால் கிடைத்தால் போதும்.